எதிர்பார்த்தபடியே இயங்குகிறது

புகார் எண் 4417-ஐ நாற்பது வினாடியில் மூடினேன். பெருமைக்குச் சொல்லவில்லை. பதினெட்டு வருடமாக ஒரே நிரல் தொகுப்பைக் கட்டிக்கொண்டு மாரடிப்பவளுக்கு, புகாரை முழுதாக வாசிக்காமலே மூடுவதற்குக் கை பழகிவிடும்.

தொகுப்பின் பெயர் கோவை. கோயம்புத்தூரில் உட்கார்ந்து எழுதியதால் ஊர்ப் பெயர் என்று பலரும் நினைக்கிறார்கள். அதன் வேலை கோப்பதுதான். ஒரு கணினியின் நினைவில் கன்னாபின்னாவென்று கிடக்கும் தகவல்களை எடுத்து, இன்னொரு கணினி படிக்கும்படி ஒரே நீள எழுத்துச் சரமாகக் கோத்து அனுப்பும். அந்தப் பக்கம் போனதும் அவிழ்த்து அடுக்கி வைக்கும். அந்தச் சரத்தின் எழுத்து முறைக்கு ஜேசன் என்று பெயர். என் மாமியார் ரொம்ப நாள் அதை என்னோடு வேலை பார்க்கும் யாரோ ஒரு பையன் என்றே நினைத்திருந்தார்.

ஆரம்பத்தில் கோவை சுமந்ததெல்லாம் பஸ் டிக்கெட்டும் ஓட்டல் ஆர்டரும் கரண்ட் பில்லும்தான். எட்டு வருடத்துக்கு முன்னால் மனிதர்களைச் சரமாக அனுப்ப ஆரம்பித்தார்கள். சனிக்கோளின் நிலவான டைட்டனுக்கு உடம்பைக் கொண்டுபோக ஏழு வருடம் ஆகும். மனத்தை எழுத்தாக்கி ஒளியில் ஏற்றி அனுப்பினால் எண்பது நிமிடம். உடம்பு இங்கே குளிர்ப்பெட்டியில் தூங்கும். மனம் அங்கே ஓர் இயந்திர உடம்புக்குள் இருந்து வேலை பார்க்கும். ஒப்பந்தம் முடிந்ததும் மறுபடி சரமாகித் திரும்பி வந்து பழைய உடம்புக்குள் இறங்கிக்கொள்ளும். நாற்பது கம்பெனி, நாற்பது விதமான இயந்திரம். எல்லாவற்றுக்கும் பொதுவாகப் படிக்கத் தெரிந்தது ஜேசன் ஒன்றுதான் என்பதால், கோப்பதற்கு என் தொகுப்பை எடுத்துக்கொண்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இலவசமாகக் கிடைப்பதை யார் கேட்டு எடுக்கிறார்கள்?

நானும் அப்படிப் போய்வந்தவள்தான். டைட்டனில் தகவல் கோபுரத்தில் மூன்று வருடம். திரும்பி வந்து ஏழு மாதம் ஆகிறது.

எங்களிடம் புகார் சொல்ல ஒரு படிவம் உண்டு. மூன்றே கேள்வி. 4417-ஐ அனுப்பியவர் பெயர் போடவில்லை. இப்படி நிரப்பியிருந்தார்:

என்ன செய்தீர்கள்? — டைட்டனில் நான்கு வருடம் பம்ப் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய என் மனைவியிடம், நீ இல்லாமல் ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்று சொன்னேன்.

என்ன எதிர்பார்த்தீர்கள்? — ஏதாவது சொல்வாள் என்று. அழுவாள், சிரிப்பாள், திட்டுவாள் என்றுகூட.

என்ன நடந்தது? — "ஏன்?" என்று கேட்டாள்.

நான் "எதிர்பார்த்தபடியே இயங்குகிறது" என்ற முத்திரையைக் குத்தி மூடினேன். தொகுப்பில் பிழை இல்லாத புகாருக்கெல்லாம் அந்த முத்திரைதான் வழக்கம்.

மறுநாள் காலை நிஜாம் கூப்பிட்டான். மேலப்பாளையத்துக்காரன், என்னோடு சேர்ந்து கோவையைப் பராமரிப்பவன். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன், பொறுமையில் என்னைவிட மூத்தவன்.

"அக்கா, 4417-ஐ ஏன் மூடுனிய?"

"அது குடும்பத் தகராறு நிஜாம். அவங்க வீட்டுக்காரம்மா பேசலைன்னா நாம என்ன பண்றது?"

"முழுசாப் படிச்சியளா?"

"படிச்சேன்."

"பொய் சொல்லாதிய. நானும் சிரிச்சுட்டுத்தான் படிச்சேன். அப்புறம் மனசு கேக்கல, சும்மா ஒரு சோதனை ஓட்டிப் பாத்தேன். ரெண்டு மாதிரி மனசு செஞ்சேன். ஒண்ணு கதீஜா, ஒண்ணு ரபீக். கதீஜா மனசுக்குள்ள ரபீக் இருக்கான். சரியா? அந்த ரபீக்கோட மனசுக்குள்ள யாரு இருக்கா?"

"கதீஜா."

"அந்தக் கதீஜா மனசுக்குள்ள?"

"ரபீக்." சொல்லும்போதே எனக்குப் பிடிபட்டது. "வளையம்."

"வளையம்தான். அவன் தன்னை நெனைக்கான்னு அவ நெனைக்கா. அவ அப்படி நெனைக்கான்னு அவன் நெனைக்கான். முடிவே கெடையாது. வளையம் வந்தா கோவை என்ன செய்யும்?"

அதை அவன் என்னிடம் கேட்டிருக்கத் தேவையில்லை. வளையத்தைக் கோக்கப் போனால் கணினி அதையே சுற்றிச் சுற்றி எழுதி, நினைவு தீர்ந்து, விழுந்துவிடும். அதனால் பதினாறு வருடத்துக்கு முன்னால் ஒரு வரி எழுதினேன். ஏற்கெனவே கோத்த ஆளே உள்ளே மறுபடி வந்தால், அந்த இடத்தில் 'வெறுமை' என்று எழுதிவிட்டு மேலே போ. ஒரே வரி. அன்றைக்கு அதற்காக நாலு ஊரிலிருந்து பாராட்டு வந்தது.

"அப்போ ரபீக் யாருங்கறது கதீஜாவுக்கு வந்து சேருது," என்றேன்.

"எல்லாம் வருது. மூஞ்சி, குரல், கல்யாண நாள், அவனுக்குப் புடிச்ச மீனு வரைக்கும். அவன் தன்னை நெனைக்காங்கறது மட்டும் வரல. அந்த எடத்துல வெறுமை."

"திரும்பி வந்தப்புறம் புதுசாத் தெரிஞ்சுக்க மாட்டாளா? அதான் பக்கத்துலயே இருக்கானே."

"அதையும் பாத்தேங்கா. அந்த எடம் சும்மா விட்டுப்போயிருந்தா மனசு தேடும். நாம வெறுமைன்னு எழுதியில்ல வச்சிருக்கோம். இங்க ஒண்ணும் கெடையாதுன்னு போர்டு மாட்டுன மாதிரி. அதனால தேடவே தேடாது." பிறகு சொன்னான்: "பஸ் டிக்கெட்டுக்கு அந்த வரி போதும்கா. டிக்கெட்டு ஒண்ணை ஒண்ணு தேடாது."

எட்டு வருடத்தில் பதினோராயிரம் பேர் போய்வந்திருக்கிறார்கள். திரும்பியவர்களுக்கு ஒரு தேர்வு உண்டு. பெயர், பிறந்த தேதி, பெருக்கல் கணக்கு, வீட்டு ஆட்களின் புகைப்படத்தை அடையாளம் காட்டுவது. நான் நூற்றுக்கு நூறு. உங்களை யார் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அந்தத் தேர்வில் யாரும் கேட்கவில்லை.

நிஜாமின் அழைப்பை முடித்துவிட்டு, செய்யக்கூடாது என்று தெரிந்தே, நான் டைட்டனுக்குப் போன நாளின் பதிவேட்டைத் திறந்தேன். போன சரத்தைத் தொண்ணூறு நாளில் சட்டப்படி அழித்துவிடுவார்கள். எங்கெங்கே வெட்டு விழுந்தது என்ற பட்டியல் மட்டும் இருக்கும். 6,114 இடங்கள். முதல் பக்கத்திலேயே இருந்தது.

தரணி — என்னை நினைப்பது — வெறுமை.
தரணி — எனக்காகக் கவலைப்படுவது — வெறுமை.
தரணி — நான் வருவேன் என்று இருப்பது — வெறுமை.

தரணிதரன் என் கணவர். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். அவருடைய சட்டை அளவு எனக்குத் தெரியும். மாத்திரையை இரண்டாக உடைத்துத்தான் விழுங்குவார் என்று தெரியும். என்னைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று யோசித்துப் பார்த்தேன். வலியோ பயமோ எதுவும் வரவில்லை. யோசனை அந்த இடத்தில் நின்றுபோய், மத்தியானத்துக்கு என்ன சமைப்பது என்று வேறு பக்கம் போனது. இழுத்துக்கொண்டு வந்து மறுபடி நிறுத்தினேன். மறுபடியும் போனது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

திரும்பி வந்ததிலிருந்து அவர் எனக்கு ஒரு தொந்தரவாகத்தான் இருந்தார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வெளியே போய்விட்டு வந்தால் கேட்டருகே நிற்பார். என்ன வேண்டும் என்று கேட்பேன். ஒண்ணுமில்லை என்பார். சாப்பிட்டியா என்று ஒரே நாளில் மூன்று தரம் கேட்பார். ஒரு தரம் எரிந்து விழுந்தேன், "அதான் சொன்னேனுங்களே, எத்தனை தடவைதான் கேப்பீங்க?" அதற்கப்புறம் ஒரு தரம் மட்டும் கேட்கிறார்.

அன்று மாலை அவர் எதிரே உட்கார்ந்து காபி குடித்தபோது, கேட்டுவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கேட்டால் நான் குறைபட்டு வந்திருக்கிறேன் என்று தெரிந்துவிடும். அதைச் செய்தது என் கையால் நானே எழுதிய வரி என்றும் தெரிந்துவிடும். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் எல்லாம், எம் பொண்டாட்டி எழுதுனதுலதான் உலகமே போய்ட்டு வருது என்று சொல்லிக்கொண்டு திரிகிற மனுஷன் அவர்.

கேட்க வேண்டியதை 4417-இடம் கேட்டேன். புகாரைத் திறந்து, மன்னிப்புக் கேட்டு, விசாரணைக்குத் தேவைப்படுகிறது என்ற சாக்கில் எழுதினேன்: உங்கள் மனைவி முன்பு எப்படி இருந்தார்?

இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது.

"ஊருக்குக் கிளம்பினால் பஸ் ஏறியதும் ஒரு தரம் போன் செய்வாள், இறங்கியதும் ஒரு தரம். நான் கவலைப்படுவேன் என்று அவளுக்குத் தெரியும். இப்போது செய்வதில்லை. கோபமெல்லாம் இல்லை. இங்கே ஒருவன் கவலைப்படுவான் என்று தோன்றுவதில்லை, அவ்வளவுதான். புதுச் சேலை கட்டினால் என் முன்னால் வேண்டுமென்றே இரண்டு தரம் நடப்பாள். இப்போது கண்ணாடியைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறாள்."

நானும் பஸ் ஏறியதும் தரணியைக் கூப்பிட்டதுண்டு. எல்லாப் பெண்டாட்டிகளும் செய்வதுதானே. கூப்பிட்டது நினைவில் இருந்தது, பேசியது நினைவில் இருந்தது. எதற்காகக் கூப்பிட்டேன் என்பதுதான் இல்லை.

அந்த வாரம் முழுக்க அவரிடம் கேள்வி கேட்டேன். தொகுப்பைத் திருத்த அதில் பாதிக்கு மேல் தேவையில்லை. அவர் சலிக்காமல் எழுதினார். மனைவி இல்லாத நான்கு வருடமும் அவளுடைய செருப்பை வாசலிலேயே விட்டிருந்ததாக எழுதினார், ஆள் உள்ளே இருப்பது போலத் தெரியட்டும் என்று. அவள் அனுப்பும் கடிதங்களில், நலமா என்ற வார்த்தை முதல் மாதத்திலேயே நின்றுபோனதை எழுதினார். வேலை அதிகம் போலிருக்கிறது என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாராம். வாசிக்க வாசிக்க எனக்கு அந்தப் பெண்மேல் பொறாமையாக இருந்தது. முகம் தெரியாத ஒரு பம்ப் ஆபரேட்டர். அவளுக்காக ஒருவன் உருகிக்கொண்டிருக்கிறான், அவளுக்கு அது தெரியக்கூட இல்லை. எனக்கு மட்டும் அப்படி ஒருத்தன் இருந்தால் என்று நினைத்தேன். நாற்பத்தாறு வயதில் ஒரு புகார்ப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அப்படி ஏங்கினேன்.

கடைசிக் கேள்விக்கு மட்டும் அவர் பதில் எழுதவில்லை, திருப்பிக் கேட்டார்: "அவளைச் சரிசெய்ய முடியுமா?"

திருத்தம் என்னவோ சின்னதுதான். நிஜாம்தான் வழி சொன்னான்.

"பத்திரத்துல எழுதுவாங்களே அக்கா, ஒருதரம் பேரு ஊரு எல்லாம் எழுதிட்டு, அப்புறம் வர்ற எடத்துல எல்லாம் மேற்படி நபர்னு. அது மாதிரி வெறுமைன்னு எழுதாம மேற்படின்னு எழுதிருவோம். அவிழ்க்கும்போது பழைய எடத்தோட முடிஞ்சு விட்டுரலாம்."

பன்னிரண்டு வரி. பதினாறு வருடத்துக்கு முன்னால் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். பஸ் டிக்கெட்டுக்கு எதற்குப் பத்திரம் என்று நினைத்திருப்பேன்.

சிக்கல் வேறு இடத்தில். மேற்படி என்ற புது வார்த்தை பழைய இயந்திரங்களுக்குப் புரியாது. நாற்பது கம்பெனியும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை டைட்டனுக்கு இருநூற்றுப் பதினெட்டு பேர் கிளம்புவதாக இருந்தார்கள். எனக்கு இருந்த ஒரே அதிகாரம், பழைய பதிப்புகள் எல்லாவற்றின் மேலும் 'ஆளுக்குத் தீங்கு' என்று குறி போடுவது. அந்தக் குறி விழுந்தால் சட்டப்படி யாரும் அதை வைத்து ஆளை அனுப்ப முடியாது. போடுவதற்கு, தீங்கு என்ன, செய்தது யார் என்று பெயரோடு எழுத வேண்டும். எழுதினேன். வியாழக்கிழமை காலை போட்டேன். அரை மணி நேரத்தில் ஒரு கம்பெனி அதிகாரி போனில் வந்தார்.

"மேடம், எட்டு வருஷத்துல ஒரு கம்ப்ளெயின்ட் கிடையாது. திரும்பி வந்த ஒருத்தர்கூட எனக்கு இது குறையுதுன்னு சொன்னதில்ல."

"சொல்ல வேண்டியவங்களுக்கே தெரியாதுங்க சார். அதுதான் கம்ப்ளெயின்ட்டே."

"கிளம்பறதுக்கு ரெடியா இருக்கறவங்க வீட்டுக்கெல்லாம் நான் என்ன பதில் சொல்றது?"

"இன்னும் ரெண்டு மாசம் காத்திருக்கச் சொல்லுங்க. அப்புறம் போறவங்களுக்கு, தனக்காக வீட்டுல ஆள் காத்திருக்குன்னு தெரியும்னும் சொல்லுங்க."

அவர் சொன்ன மற்ற வார்த்தைகளை இங்கே எழுதுவது மரியாதை இல்லை. பயணம் நின்றது.

சனிக்கிழமை சாயங்காலம் 4417-க்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். கூடத்தில் தரணி துணி தேய்த்துக்கொண்டிருந்தார். என் புடவைகளையும் சேர்த்துத்தான். வேண்டாமென்றால் கேட்கமாட்டார்.

எழுதினேன்: "ஐயா, இனிமேல் போகிறவர்களுக்கு இது நேராது. ஏற்கெனவே போய்வந்தவர்களின் சரத்தில் அந்த இடம் எழுதப்படவே இல்லை. வெட்டுப்பட்டதை எங்கிருந்தும் எடுக்க முடியாது. உங்கள் மனைவியிடம் குறை எதுவும் இல்லை. அவர் உங்களை மறக்கவில்லை. அந்த வரியை எழுதியவள் நான். உங்களை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க முடிந்தால் கேட்பேன்."

அனுப்பினேன். கூடத்தில் தரணியின் போன் ஒரு தரம் மணியடித்தது.

பால்காரர் செய்தியாக இருக்கும் என்று நினைத்தேன். தேய்ப்புப் பெட்டியின் சத்தம் நின்றுபோயிருந்தது. இன்னொரு வரி எழுதினேன்: "ஐயா, இருக்கிறீர்களா?" அனுப்பினேன்.

கூடத்தில் மறுபடி மணியடித்தது.

எழுந்து போனேன். அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, பாதி தேய்த்த என் நீலப் புடவைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றியிருந்தார்.

"பம்ப் வேலைன்னு எழுதியிருந்தீங்க," என்றேன். முதலில் அதுதான் வாயில் வந்தது.

"கோபுரம், மூணு வருஷம்னு போட்டா நீ கண்டுபிடிச்சிருவே."

"ஏன், எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமுல்ல?"

"சொன்னனே வேணி. நீ வந்த அன்னைக்கே சொன்னேன், கார்ல வரும்போது. நீ ஏன்னு கேட்டே."

சொன்னார்தான். நானும் கேட்டேன்தான். ஞாபகத்தில் தங்காத அளவுக்குச் சாதாரணமாகக் கேட்டிருக்கிறேன். "ஏன்" என்று கேட்டுவிட்டு, டோல்கேட்டில் கூட்டம் அதிகமா என்று விசாரித்திருக்கிறேன்.

"ஆறு மாசம் பாத்தேன். உன்கிட்ட ஏதோ விட்டுப்போச்சுன்னு தெரிஞ்சுது, என்னன்னு தெரியல. உனக்குப் புரியற மாதிரி சொல்றதுக்கு அந்தப் படிவம் ஒண்ணுதான் இருக்குன்னு தோணுச்சு. நீ அதையாவது ஒழுங்காப் படிப்பேன்னு நெனச்சேன்."

படிக்காமல் மூடியதை அவர் சொல்லிக்காட்டவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எழுதியிருக்கேனுங்களே, பாத்தீங்களா? திருப்பி எடுக்க முடியாதுங்க."

"பாத்தேன்."

"இந்த ஒரு வாரம் அந்தப் பொம்பளை மேல எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா உங்களுக்கு?"

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் தேய்க்கும் மேசைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். அவரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எதிரில் உட்கார்ந்தார்.

"எனக்கு அது தெரியல," என்றேன். "ஆனா தெரியணும்னு இருக்கு. தானா வராதுங்க. நீங்கதான் சொல்லணும். மூணு வருஷமும் சொல்லணும்."

"எங்கிருந்து சொல்றது?"

"மொத நாள்ல இருந்து."

அவர் கழற்றிய கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு ஆரம்பித்தார். "உன்னைக் குளிர்ப்பெட்டியில வச்சு மூடுனாங்க. கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன். வீட்டுக்கு வந்து என்ன பண்றதுன்னு தெரியல, சோறு வச்சேன். வடிக்கறப்பதான் பாக்கறேன், ரெண்டு பேருக்கு வச்சிருக்கேன். சரி, நாளைக்குக் குறைச்சுக்கலாம்னு நெனச்சேன். மறுநாளும் ரெண்டு பேருக்குத்தான் வச்சேன்."

அது என்னைப் பற்றிய கதை என்று எனக்குத் தோன்றவில்லை. பொய் சொல்ல மாட்டேன். யாரோ ஒரு பெண்ணுக்காக யாரோ ஒருவர் தவித்த கதையாகத்தான் காதில் விழுந்தது. என் மனம் பாதியில் எழுந்து, கேஸ் புக் பண்ண வேண்டும் என்று வேறு பக்கம் போகப் பார்த்தது. பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். அந்தப் பெண்ணாக இருக்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

"அப்புறம்?" என்று கேட்டேன்.